நான் தயங்கிய பதினோரு சொற்கள்

முதலில் வாசகர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கிள்ளான் ரயில் நிலையத்தில் பார்சல்களுக்குச் சீட்டு ஒட்டுவது என் வேலை. பெரிய மனிதர்கள் எழுதுகிற பத்திரிகையில் எனக்கும் வாராவாரம் இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பதே அதிகம். அதிலும் இந்த வாரம் ஒரு பட்டப்படிப்பைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். அது நான் படித்த படிப்பு அல்ல. என்னை வைத்து இன்னொருவர் படித்த படிப்பு. தவறு இருந்தால் படித்தவர்கள் பெரிய மனது பண்ணித் திருத்துங்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மெஸ்ஸுக்கு நான் வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரம் சொன்னேன். அதில் 'படிக்கிற கிராணி' என்று ஒரு குமாஸ்தாவைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அவர் என்ன படித்தார் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, அவர் படித்தது மனோதத்துவம்.

மண்ணெண்ணெய் டின்னின் மேல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குவாட்டர்ஸின் பின்னறையில் கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய் டின்னின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு சாக்குக் கட்டிலில் கிராணியார். அவர் இடது கையில் ரயில்வே பாக்கெட் கடிகாரம். வலது கையில் பென்சில். சன்னலுக்கு வெளியே யார்டில் வண்டிகளைக் கோக்கும் சத்தம்.

"நான் ஒரு சொல் சொல்லுவன்," என்றார். "உமக்கு முதல்லை என்ன சொல் வருதோ, அதை உடனை சொல்லவேணும். யோசிக்கப்படாது. விளங்குதோ?"

"விளங்குது சார்."

"அலமாரி."

எனக்கு ஒன்றும் வரவில்லை. தோட்டத்து லைன் வீட்டில் எங்களுக்கு அலமாரி கிடையாது. அலமாரிக்குப் பக்கத்தில் என்ன வரும் என்று யோசித்தேன். துணி என்று சொல்லலாமா? அலமாரியில் துணிதான் வைப்பார்களா? அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மரம்," என்றேன் கடைசியாக.

அவர் தாளில் எழுதினார். எழுதியதற்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்தக் குறி என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

நான்கு பேர்

அந்த மெஸ்ஸில் நாங்கள் நான்கு பேர்.

குவாட்டர்ஸ் கண்ணையா அண்ணே பெயரில் இருந்தது. சிக்னல் கேபினில் லீவர் இழுக்கிற வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். சமையலும் அவர்தான், சட்டமும் அவர்தான். அடுத்தவன் சவரிமுத்து, எஞ்சினில் நிலக்கரி அள்ளிப் போடுகிற பயர்மேன். ஞாயிறு காலையில் கோயில் பூசையும் மற்ற நேரமெல்லாம் கேலியுமாக இருப்பான். மூன்றாமவர் ராசநாயகம், டிக்கெட் ஆபீஸ் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், இருபத்தேழு இருபத்தெட்டு வயது. நான்காமவன் நான். சரக்குக் கொட்டகையில் நாள்கூலி. வயது இருபத்திரண்டு.

என் பெயர் வேலு. பேசுவது எனக்கு எப்போதும் கஷ்டம். யாராவது பெயரைக் கேட்டால்கூட முதலில் காது சூடாகும், பிறகுதான் வாய் திறக்கும். இன்றைக்கும் அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன் போலிருக்கிறது.

சயாம்

ஜப்பான்காரர் ஆட்சியின் இரண்டாவது வருஷமாக இருக்கவேண்டும். கிள்ளான் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணனை ஒரு லோரியில் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்று சொன்னார்களாம். அதுவரை போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அடுத்த லோரி வருவதற்கு முன்னால் அம்மா என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டாள்.

கண்ணையா அண்ணேதான் கொட்டகையில் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். மெஸ்ஸின் ரேஷன் அட்டையில் நான்காவதாக என் பெயரை எழுத வைத்தவரும் அவர்தான். அட்டையில் பெயர் இருந்தால் பட்டணத்தில் உனக்கு ஒரு முகவரி இருக்கிறது என்று அர்த்தம். பெயர் இல்லாவிட்டால் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்துக்குத் திரும்பினால் லோரி.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

போகாமலே படிக்கிற படிப்பு

லண்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டத்துக்கு ராசநாயகம் படித்துக்கொண்டிருந்தார். அங்கே போகவேண்டியதில்லையாம். பாடம் தபாலில் வரும். படித்துவிட்டு இங்கேயே பரீட்சை எழுதலாம். அதற்கு அவர் மூன்று வருஷமாகத் தயார் செய்திருந்தார். பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது குண்டு விழுந்தது. தபால் நின்றுபோனது. ஆபீஸ் அலமாரியில் வைத்திருந்த அவருடைய இரண்டு புத்தகங்கள் கொள்ளையில் போயின. கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, ஒரு தடித்த புத்தகம்.

எல்லாரும் படிப்பை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். அவர் விடவில்லை. ஆபீசில் ஜப்பான் மொழி வகுப்பு முடிந்து வந்ததும் கால் கழுவிவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

"கிராணியாரே," என்பான் சவரிமுத்து, "லண்டன்ல பரீட்ச மண்டபத்துல உங்க நாற்காலிய மட்டும் தொடச்சு வச்சிருக்காங்களாம். ஆளக் காணோமேன்னு தந்தி வந்திருக்கு."

"பரீட்சை வராட்டிலும் மனம் இருக்குத்தானே," என்பார் அவர். "அதை ஒருத்தரும் குண்டு போட்டு எடுக்கேல்லை."

அவர் பட்டம் வாங்கினாரா என்று கேட்பீர்கள். வாங்கினார். சண்டை முடிந்து தபால் ஓட ஆரம்பித்ததும் முதல் கடிதம் லண்டனுக்குத்தான் எழுதினார். முதல் தடவை ஒரு பாடத்தில் போனது. மறு தடவை தேறினார். ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முந்திய காலம்.

வயிறும் டோக்கியோவும்

படிப்பில் செய்முறைச் சோதனைகள் உண்டாம். அதற்கு ஆள் வேண்டும். நாங்கள் மூன்று பேர்தான் ஆள்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் எல்லாக் கடிகாரங்களையும் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணி என்பார்கள், வெளியே கும்மிருட்டாக இருக்கும். ராசநாயகத்துக்கு இது பெரிய அதிர்ஷ்டமாகத் தோன்றியது. திடீரென்று வந்து, "கடிகாரத்தைப் பாராமல் இப்ப என்ன மணி எண்டு சொல்லும்," என்பார். கண்ணையா அண்ணே கேபின் பழக்கத்தில் புது நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார். எனக்குப் பல மாதங்கள் பழைய நேரம்தான் வந்தது. வயிறு பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது என்று அவர் எழுதிக்கொண்டார்.

இன்னொரு சோதனை. அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களைப் படித்துக் காட்டுவார். 'நுபி, தழோ, மெகை' இப்படிப் பன்னிரண்டு. எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவையும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவையும் கேட்பார். பசியில் மறதி அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். சவரிமுத்து பசியில்தான் நன்றாகச் சொன்னான்.

"சாப்பிட்ட பொறவு எதுக்கு சார் ஞாபகம்?" என்றான். "அதான் சாப்பிட்டாச்சே."

கிடைத்த மதிப்பெண்ணைப் புத்தகத்தில் அந்தச் சோதனை அச்சாகியிருக்கும் இடத்தில், ஓரத்தில், பென்சிலால் எழுதி வைப்பார். தாள் கிடைக்காத காலம். வே 7, ச 5, க 6 என்று இருக்கும். வே என்றால் நான். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே என் பெயரின் முதல் எழுத்து தமிழில் இருப்பதை அவர் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பேன். என்னைப் பற்றி யாரோ எதையோ தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

புத்தகத்தைக் காணோம்

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது வீட்டுக்கு வெளியிலேயே மணம் அடித்தது. கண்ணையா அண்ணே மரவள்ளிக்கிழங்கை மெல்லியதாகச் சீவி எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார். பல மாதமாக அவித்த மரவள்ளி, சுட்ட மரவள்ளி, மரவள்ளிக் களி. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தே நாளாகியிருந்தது.

"எங்கிருந்துண்ணே எண்ணெய்?" என்றான் சவரிமுத்து.

"வாய மூடிக்கிட்டுத் தின்னு."

நான்கு பேரும் தின்றோம். ராசநாயகம் தட்டில் ஒட்டியிருந்த தூளை விரலால் தொட்டு எடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். நடுவில் இரண்டு நாளும் ஆபீசில் கணக்கெடுப்பு, படிக்க உட்காரவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார். விறகுக்குப் பின்னால் பார்த்தார். பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்தார். பிறகு கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நாங்கள் மூன்று பேரும் வெளியே போய் நின்றுகொண்டோம்.

மறுநாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "வெளியாள் ஒருத்தரும் வரேல்லை," என்றார். "மூண்டு பேருக்குள்ளைதான். நான் ஒருத்தரையும் கோவிக்க மாட்டன். ஆனால் எனக்குத் தெரிய வேணும்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பாப்பம்."

ஐம்பது சொற்கள்

ஐம்பது சொற்கள். அவற்றில் நாற்பது சும்மா சொற்கள், பத்து புத்தகத்தைச் சேர்ந்தவை. எடுத்தவன் மனதில் அந்தப் பத்துச் சொற்களும் முள்ளாக இருக்கும், பதில் சொல்லத் தாமதமாகும், அந்தத் தாமதத்தைக் கடிகாரம் பிடிக்கும். புத்தகத்தில் படித்ததை ஞாபகத்திலிருந்து சொன்னார். கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எடுக்காதவனுக்கு எதற்குப் பயம் என்று கேட்காதீர்கள்.

முதலில் சவரிமுத்து. பக்கத்து அறையிலிருந்து எங்களுக்குக் கேட்டது.

"சோறு."

"எப்போ?"

"பெண்."

"எங்கே?"

"பகிடி விடாமல் சொல்லும். புத்தகம்."

"வேதம்."

"களவு."

"கரி. சார், கரி திருடி அடுப்பு மூட்டியிருக்கேன், அத எழுதாதீங்க."

பிறகு கண்ணையா அண்ணே. அவர் பதில் சொன்ன வேகம் இன்னும் என் காதில் இருக்கிறது. தண்ணி, குழாய். நெருப்பு, அடுப்பு. புத்தகம், ரிஜிஸ்டர். லண்டன், கப்பல். கள்ளன், போலீசு. சொல் முடியுமுன் பதில் விழுந்தது. கேபினில் அடுத்த ஸ்டேஷன்காரன் மணி அடித்தால் உடனே திருப்பி அடிக்கவேண்டும். இருபது வருஷமாக அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் நான்.

அலமாரியில் தயங்கியதைச் சொன்னேன். 'பெண்' என்றார். வெட்கத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. 'அண்ணன்' என்றார். என் அண்ணன் லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது. 'லோரி' என்று சொல்ல மனம் வரவில்லை. 'புத்தகம்' என்றதும் எனக்கு வந்தது சரஸ்வதி. அடுத்த அறையில் சவரிமுத்து கேட்டுச் சிரிப்பானோ என்று அதை விழுங்கிவிட்டு வேறு சொல் தேடினேன். 'பென்சில்' என்றார். ஓரத்தில் இருந்த 'வே' ஞாபகம் வந்தது. நான் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று நின்றுவிட்டேன். 'கள்ளன்' என்றார். அதற்குள் என் காது இரண்டும் நெருப்பாக இருந்தன.

மொத்தம் பதினோரு சொற்களில் தயங்கினேன் என்று பிறகு தெரிந்தது.

தீர்ப்பு

அன்று சாயங்காலம் அடுப்படியில் எல்லாரும் நின்றோம். ராசநாயகம் பெயர் சொல்ல விரும்பவில்லை.

"சொல்லுங்க சார்," என்றான் சவரிமுத்து. "சொல்லலன்னா மூணு பேருமே திருடன்தான். நான் அப்படி இருக்க மாட்டேன்லா."

அவர் தாளைப் பார்த்தபடி சொன்னார். "வேலு பதினொரு சொல்லிலை பிந்தியிருக்கிறார். அதிலை அஞ்சு, புத்தகத்தோடை சேர்ந்த சொல்லு. மற்ற ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். 'நான் இல்லை' என்று இரண்டு சொற்கள் சொல்லியிருக்கலாம். வாயில் எச்சில் வற்றிவிட்டது. என் மௌனத்தையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

கண்ணையா அண்ணே சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "மாசக் கடசி வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் அட்டையில இருந்து பேர எடுத்துடறேன். நாலு பேரு ஒண்ணா இருக்கிற எடத்துல இது சரிப்படாது."

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த நாட்களில் யாரும் என்னைத் திட்டவில்லை. சவரிமுத்து என்னிடம் கேலி பேசுவதை நிறுத்திவிட்டான், அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. ராசநாயகம் ஒரு தடவை, "எங்கை வைச்சனீர் எண்டு மட்டும் சொல்லும், நான் கண்ணையாவோடை கதைக்கிறன்," என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை.

காக்கா கடைத் தாள்

நான்கு நாள் போயிருக்கும். சவரிமுத்து பேசாமல் ஒரு பழைய டப்பாவை நீட்டினான். புகையிலை வாங்கி வரவேண்டும் என்று அர்த்தம். தெருக்கோடியில் சேகு காக்காவின் கடை. முஸ்லிம் பெரியவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்நாட்களில் சிகரெட் கிடையாது. உதிரிப் புகையிலையும் சுற்றிக்கொள்ளத் தாளும் காக்கா கொடுப்பார். மற்ற சாமானையெல்லாம் இலையில்தான் கட்டுவார். தாள் அவ்வளவு அருமை.

காக்கா நான்காகக் கிழித்த தாள் துண்டுகளைப் புகையிலையின் மேல் வைத்தார். மேல் துண்டில் ஆங்கில அச்சு. ஓரத்தில் பென்சிலில் 'வே 7'.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது.

"என்ன தம்பி, தாளு பிடிக்கலையா? நல்ல மெல்லிசுத் தாளு. உங்க சவரிமுத்து ஒரு வாரமா இதுலதான் சுத்திச் சுத்தி ஊதுறாரு."

"இது... எங்கேருந்து காக்கா?"

"உங்க மெஸ்ஸு கண்ணையாதான் கொண்டாந்தாரு. தடிப் பொஸ்தகம். ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் குடுத்தேன். ஏன், தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். 'வே 7' போட்ட துண்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மீதியைச் சவரிமுத்துவிடம் கொடுத்தேன். அவன் ராசநாயகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து சுற்றிப் பற்றவைத்தான்.

மூன்று நாள்

உண்மை என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். ஆனால் யாரிடம் நீட்டுவது? என்னை வேலையில் சேர்த்தவர் அவர். அட்டை அவர் கையில். குவாட்டர்ஸ் அவர் பெயரில். அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு அதே அடுப்படியில் நான் எப்படிச் சாப்பிடுவது? கோபம் வந்தால் மாதக் கடைசி வரை காத்திருக்க மாட்டார். சொல்லாவிட்டால் லோரி. சொன்னால் ஒருவேளை நாளைக்கே லோரி.

மூன்று நாள் இதையே யோசித்தேன். நடுவில் வேறு ஒரு யோசனையும் வந்தது. எடுத்தவரை ஏன் கடிகாரம் பிடிக்கவில்லை? புத்தகம் என்று கேட்டபோது அவருக்கு ஏன் முள் குத்தவில்லை? கிராணியாருக்கு அது புத்தகம். எனக்கு அது 'வே'. கண்ணையா அண்ணேவுக்கு அது எப்போதாவது புத்தகமாக இருந்ததா?

இந்தக் கேள்வி வந்த பிறகு பயம் கொஞ்சம் தள்ளி நின்றது. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மறு ஞாயிறு மத்தியானம் ராசநாயகத்திடம் போனேன்.

"சார், அந்தச் சோதனைய இன்னொரு தடவ பண்ணலாமா? இந்தத் தடவ நான் சொல்லு கேக்கறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"ஏன்?"

"சும்மாதான் சார். ஆள் மாறினா எப்படி வருதுன்னு."

கொஞ்சம் யோசித்தார். பிறகு பாக்கெட் கடிகாரத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

நான் கேட்ட ஆறாவது சொல்

சவரிமுத்துவை முதலில் கேட்டேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பதில் சொன்னான். பிறகு கண்ணையா அண்ணே டின்னின் மேல் வந்து உட்கார்ந்தார்.

"இது என்னடா புது வேல," என்றார். "சரி, கேளு. அடுப்புல ஒல கொதிக்குது."

மற்ற இருவரும் வாசலில் நின்றார்கள்.

"மணி," என்றேன்.

"லைன் கிளியர்."

"வண்டி."

"மெயில்."

"உப்பு."

"புளி."

"மழை."

"கொடை."

"குழாய்."

"தண்ணி."

"தேங்காயெண்ணெய்."

அவர் வாய் திறந்தது, மூடியது.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. நொடிமுள்ளை மட்டும் பார்த்தேன். அது பத்தைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. வாசலில் சவரிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். உள்ளே உலை மூடி தடதடத்தது. யாரும் போய் அதைத் திறக்கவில்லை. முள் பாதியைக் கடந்து மேலே ஏறி ஒரு சுற்று முழுவதும் வந்தது.

"நிறுத்துப்பா கடியாரத்த," என்றார் கண்ணையா அண்ணே.

நான் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது.

"நான்தான் குடுத்தேன். காக்காகிட்ட." ராசநாயகத்தைப் பார்த்துப் பேசினார். "லண்டனே மிச்சம் இருக்கான்னு தெரியல. பரீட்ச எங்க வரப்போவுதுன்னு நெனச்சேன். நாலு பேரும் களியத் தின்னு தின்னு மொகம் செத்துக் கெடந்தீங்க. ஒரு நாளாவது வாய்க்கு ருசியா போடுவோம்னுதான். அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க செவுத்தப் பாத்துப் படுத்து அழுதீங்க பாருங்க, அதுக்கப்புறம் வாய் வரல."

"அப்ப இவன்?" என்றான் சவரிமுத்து. "இவனை அனுப்பறேன்னு சொன்னீங்களேண்ணே. அது சயாமுக்கு அனுப்பறதுண்ணே. தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

கண்ணையா அண்ணே அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவன் பேசமாட்டான்னு தெரியும்," என்றார்.

நான் சட்டைப்பையிலிருந்து தாள் துண்டை எடுத்து ராசநாயகத்திடம் கொடுத்தேன். சவரிமுத்து எட்டிப் பார்த்தான். தன் காதில் செருகியிருந்த பாதிச் சுருட்டை மெதுவாக எடுத்தான், பிரித்தான், அதில் இருந்த எழுத்துகளைப் பார்த்தான்.

"கிராணியாரே," என்றான். "நான் உங்க படிப்புல பாதிய ஊதிட்டேன் போலருக்கு."

ராசநாயகம்தான் சிரித்தார். சிரிப்பு என்று சொல்லக்கூடாது, மூக்கால் ஒரு மூச்சு. பிறகு என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். அந்தத் துண்டுத் தாளின் ஓரத்தில், என் ஏழுக்குக் கீழே, 'க' என்று எழுதி அதன் பக்கத்தில் நொடிகளைக் குறித்தார். குறித்த பிறகு தான் செய்தது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பென்சிலை வைத்துவிட்டார்.

"வேலு," என்றார். "நான் உம்முடைய வெக்கத்தை அளந்துபோட்டுக் களவு எண்டு எழுதிப்போட்டன். என்னை மன்னியும்."

"பரவால்ல சார்," என்றேன். பிறகு, அதுவரை யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். "சார், எனக்கு ஏன் எல்லாத்துக்குமே லேட்டா வருது? அதுக்கும் அந்தப் பொஸ்தகத்துல இருந்திச்சா?"

"இருந்திருக்கலாம்," என்றார். "நான் அந்த அதிகாரத்துக்கு இன்னும் போகேல்லை."

கண்ணையா அண்ணே எழுந்து உள்ளே போனார். உலை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே, யாருடைய பெயரையும் சொல்லாமல், "சாப்பிட வாங்க," என்றார். முதல் தட்டு எனக்கு வந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாப்பிட்டேன். அவரை நான் மன்னித்தேனா என்று கேட்டால், இந்த வயதிலும் என் பதில் தாமதமாகத்தான் வரும்.

மறுநாள் திங்கட்கிழமை. கண்ணையா அண்ணே வரிசையில் நின்று நான்கு பேருக்கும் ரேஷன் அரிசி வாங்கி வந்தார். புழு பிடிக்காமலிருக்கக் கலந்த சுண்ணாம்பின் வாடை அரிசியில் அடித்தது.